சாய்கோடு

அவள் மருந்துக் கோப்பையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கட்டைவிரல் அளவுள்ள பிளாஸ்டிக் கோப்பை. விரலை உள்ளே விட்டுத் தேய்த்தாள். குழாயில் வெந்நீர் வந்துகொண்டிருந்தது. விரல் நுனிகள் சிவந்து சுருங்கியிருந்தன. வெகுநேரமாகக் கழுவிக்கொண்டிருக்கிறோம் என்பது விரலைப் பார்த்துத்தான் அவளுக்குத் தெரிந்தது.

குழாயை மூடினாள். சமையலறைக் கடிகாரத்தில் ஏழு ஐம்பது.

கடைசியாகப் பார்த்தபோது ஏழு மணி பத்து நிமிடம். காலை வலி மருந்து தாமதமாகிவிட்டது என்று அவசரமாக இதே கோப்பையில் ஐந்து மில்லி ஊற்றினாள். அக்காவின் தலையைத் தாங்கிப் பிடித்து உதட்டில் வைத்தாள். அக்கா முகத்தைச் சுளித்தாள். அதுவரை நினைவில் இருந்தது. அதற்கு அடுத்தது இந்தக் குழாய்.

நடுவில் நாற்பது நிமிடம் இல்லை.

கையைத் துடைக்காமல் அறைக்குப் போனாள். மாடி வீட்டில் யாரோ சுவரில் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள். மேசையில் மருந்துப் பாட்டில் இருந்தது. அக்கா கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. வலது கை கட்டிலின் விளிம்பைத் தாண்டி, உள்ளங்கை மேலே பார்க்க, வெளியே நீண்டிருந்தது.

கழுத்தில் விரலை வைத்தாள். ஈர விரல். துடைத்துவிட்டு மறுபடி வைத்தாள். துளை போடும் சத்தம் நின்றது. அவளுடைய நாடிதான் விரலில் அடித்தது.

அக்கா மகளுக்குப் போன் செய்தாள். அவள் இரவே கிளம்பி ரயிலில் வந்துகொண்டிருந்தாள்.

"சொல்லுங்க சித்தி. பத்தரைக்கெல்லாம் வந்துடுவேன்."

"போயிட்டா."

"என்ன? கேக்கல."

"போயிட்டா."

ரயிலின் சத்தம் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு அலுத்துப்போன குரல் வந்தது.

"மறுபடியும் போயிட்டீங்களா? மருந்து குடுத்தீங்களா இல்லையா? போனை அம்மாகிட்ட குடுங்க."

அந்தக் குடும்பத்தில் 'போயிட்டா' என்ற சொல் தங்கையைக் குறிப்பது. அக்கா ஒரு பெரிய ஓட்டலில் முப்பத்தொரு வருடம் டெலிபோன் ஆபரேட்டர். வேலைக்குச் சேர்ந்த புதிதில் தங்கைக்கு ஒன்பது வயது. அப்பா கத்த ஆரம்பித்ததும் தங்கைக்கு ஏதோ ஆனது. கண் திறந்திருக்கும். கை பாடத்தை எழுதிக்கொண்டிருக்கும். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பிறகு கேட்டால் ஒன்றும் நினைவிருக்காது. லைன் கரகரத்தால் ஓட்டலில் கேட்பதையே அக்கா அவளிடமும் கேட்டாள்: "இருக்கியா, போயிட்டியா?" பெரும்பாலும் அந்தக் கேள்வியே போதும், திரும்பி வந்துவிடுவாள். விருந்தாளிகள் வந்து, எங்கே உன் தங்கச்சி என்று கேட்டால் அக்கா சொல்வாள்: "உங்க முன்னாடிதான் உக்காந்திருக்கா. ஆனா போயிட்டா."

இப்போது வேறு சொல் தேட வேண்டியிருந்தது.

"அம்மா இறந்துட்டாம்மா," என்றாள். செய்தித்தாளில் வருவதுபோல இருந்தது.

ரயில் ஓடியது.

"எத்தன மணிக்கு?"

"தெரியல."

"பக்கத்துல இருந்தீங்கல்ல?"

"இருந்தேன்."

அக்கா மகள் போனை வைத்துவிட்டாள்.

*

நர்ஸ் வழக்கம்போல ஒன்பது மணிக்கு வந்தாள். ஐம்பது வயதைத் தாண்டியவள். தோளில் பை, கையில் ஒரு கோப்பு. நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டாள். கண்ணில் வெளிச்சம் அடித்துப் பார்த்தாள். நீண்டிருந்த கையை எடுத்து வயிற்றின் மேல் வைத்தாள்.

"நேத்து எப்படி இருக்கீங்கன்னு கேட்டேன். எல்லா லைனும் பிஸி, காத்திருங்கன்னாங்க," என்றாள். "சிரிச்சு சிரிச்சு ஊசியத் தப்பான இடத்துல போட இருந்தேன்."

பிறகு பாட்டிலை எடுத்தாள். தினமும் வந்ததும் மருந்து எந்த மட்டத்தில் இருக்கிறதோ அங்கே லேபிளில் பேனாவால் ஒரு கோடு போடுவாள். நேற்றைய கோட்டை விரலால் தொட்டாள். ஜன்னல் பக்கம் திருப்பி, கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள். இறக்கினாள். மறுபடி தூக்கினாள்.

"ஏழு மணி வேளை குடுத்தீங்களா?"

"குடுத்தேன்."

"ஒரு தடவையா?"

அவள் பாட்டிலின் மேல் இருந்த கோட்டைப் பார்த்தாள்.

"ஒரு நாளைக்கு ஆறு வேளை. முப்பது மில்லி குறையணும். முப்பத்தஞ்சு குறைஞ்சிருக்கு. ரெண்டு தடவ குடுத்தீங்களாம்மா?"

"தெரியல, சிஸ்டர்."

"கீழ சிந்திடுச்சா?"

"தெரியல."

நர்ஸ் கோப்பைத் திறந்து ஒரு தாளைக் காட்டினாள்.

"அளவுக்கு மேல குடுக்கப்பட்டதா? இங்க ஆமா. இங்க இல்ல. ஆமான்னா யாரால. தெரியலன்னு எழுத எனக்குக் கட்டம் இல்ல."

"அதனாலதான் அக்கா…"

"அஞ்சு மில்லி. அவங்க இருந்த நிலமைக்கு அது செஞ்சுதா, செய்யலையான்னு எந்தக் கொம்பனாலயும் சொல்ல முடியாது. நேத்தே மூச்சு விட்டு விட்டுத்தான் வந்துச்சு. ஆனா பதினோரு மணிக்கு டாக்டர் வருவார். மொதல்ல பாட்டிலத்தான் கேப்பார். உங்களக் கூப்பிட்டு விசாரிப்பாங்க. கையெழுத்து வாங்குவாங்க. அதோட விட்டாலும் விடலாம்." பாட்டிலைக் கீழே வைத்தாள். "மூடி வேற லூசா இருக்கு. திருகி மூட மாட்டீங்களா?"

அவள் மூடியைப் பார்த்தாள். அது ஒரு பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. மூன்று மாதமாக ஒவ்வொரு வேளையும் அதை இனிமேல் திரும்பாது என்கிற வரைக்கும் திருகுவாள். அக்காகூடக் கேலி செய்வாள்: "பூதத்தையாடி அடைச்சு வைக்கற?"

"யோசிங்க," என்றாள் நர்ஸ். "நான் ரெண்டு போன் பண்ணிட்டு வரேன்."

யோசிக்க ஒன்றும் இல்லை. யோசித்தால் வருகிற இடமாக அது இருந்ததில்லை. அவள் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். நினைவில்லை என்று சொன்ன சாட்சிகளை நூற்றுக்கணக்கில் எழுதியிருக்கிறாள். அவர்களில் ஒருவரையும் நம்பியதில்லை.

*

நாற்காலியை நகர்த்தியபோது அதற்கு அடியில் அவளுடைய குறிப்பேடு கிடந்தது. பென்சில் கட்டிலுக்கடியில் உருண்டிருந்தது.

விடுப்பில் இருந்தாலும் ஒரு வழக்கின் சாட்சியத்தைத் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டியிருந்தது. அக்கா தூங்கும் நேரங்களில் மடியில் வைத்து, விட்டுப்போன கோடுகளைச் சரிசெய்வாள். காலையில் அதை எடுத்தாளா என்று நினைவில்லை.

சுருக்கெழுத்தில் பொருளைக் கேட்கக் கூடாது. பொருள் உள்ளே போனால் கை பின்தங்கும். மற்றவர்கள் இதைப் பழக வருடங்கள் ஆயின. அவளுக்குப் பழக வேண்டியிருக்கவில்லை. ஒருமுறை ஒரு பெண் தன் குழந்தைக்கு நடந்ததை மூன்று மணி நேரம் சொன்னாள். கேட்டுக்கொண்டிருந்த வக்கீல் ஒருவர் எழுந்து வெளியே போனார். அவள் ஒரு சொல்லும் விடாமல் எழுதினாள். மாலையில் தட்டச்சு செய்யும்போதுதான் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரிந்தது. உன்னை மாதிரி கவனம் யாருக்கும் இல்லை என்று நீதிபதி சொன்னார். அக்காவிடம் அதைச் சொன்னபோது அக்கா வெகுநேரம் சிரித்தாள்.

குறிப்பேட்டைத் திறந்தாள். கடைசிப் பக்கம் வழக்கு இல்லை.

அவளுடைய கைதான். வேகத்தில் எழுதியது. உயிரெழுத்துக்களின் புள்ளிகளை எல்லாம் விட்டிருந்தது. ஓரத்தில், சாட்சி பேசும்போது போடுகிற 'சா.' வரிக்கு வரி இருந்தது.

அவள் நாற்காலியில் உட்கார்ந்து படித்தாள்.

சா. கசக்குது.

சா. மணி என்னடி ஆச்சு?

சா. வலி நிக்கல. இன்னும் கொஞ்சம் குடு.

சா. கேக்குதா? இன்னும் கொஞ்சம்.

சா. இருக்கியா, போயிட்டியா?

சா. இருக்கியா?

சா. போயிட்டா.

அதற்கு அடுத்த வரியில் இரண்டு சொற்கள். முதல் சொல், நானே. இரண்டாவது சொல்லில் அவள் நின்றாள்.

நேராக இறங்கும் கோடு. அது ட; முன்னால் வர வேண்டிய எ, விட்டுப்போன புள்ளிகளில் ஒன்று. பிறகு வளைவு, கொக்கி. எடுத்துக்கறேன்.

ஆனால் நேர்கோட்டின் தலையில் ஒரு மெல்லிய சாய்வு இருந்தது. மயிரிழை அளவு. பென்சில் தாளில் இறங்கும்போது விழுந்த கீறலாக இருக்கலாம். அல்லது, சாய்ந்த மெல்லிய கோடு ப. ப இருந்தால் அது படுத்துக்கறேன்.

நானே எடுத்துக்கறேன். நானே படுத்துக்கறேன்.

ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். தாளைச் சாய்த்துப் பார்த்தாள். அக்காவின் மூக்குக் கண்ணாடியை எடுத்து அந்த இடத்தின் மேல் பிடித்தாள். கீறல் பெரிதானது. வேறொன்றும் ஆகவில்லை.

சந்தேகமான இடத்தில் ஊகிக்கக் கூடாது. இடம் விட்டு, ஓரத்தில் 'தெளிவில்லை' என்று எழுத வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் அவள் ஒரு சொல்லையும் ஊகித்ததில்லை.

ப இருந்தால், அக்கா படுத்துக்கொண்டாள். அப்படியானால் இரண்டாவது ஐந்து மில்லி இந்தக் கையால் ஊற்றப்பட்டது. ப இல்லையென்றால், அக்கா கையை நீட்டினாள். மூடியைத் திறந்தாள். ஊற்றினாள். குடித்தாள். திருக விரலில் பலமில்லாமல் மூடியை அப்படியே வைத்தாள். ஒரு முழத் தூரத்தில் தங்கை கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்து அதை எழுதிக்கொண்டிருந்தாள்.

மேசையில் மூடி சாய்ந்து உட்கார்ந்திருந்தது.

அதற்குக் கீழே இன்னும் ஒரு வரி இருந்தது. அதில் சந்தேகமே இல்லை.

சா. புள்ள வந்தா உன்னத் திட்டுவா. வாய மூடிட்டு கேட்டுக்க.

*

அக்கா மகள் பத்து ஐம்பதுக்கு வந்தாள். தோள் பையைக் கழற்றாமல் அறைக்குள் போனாள். கதவை மூடவில்லை. அழுகைச் சத்தம் வரவில்லை. கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பையோடு வெளியே வந்தாள்.

"எத்தன மணிக்குன்னு இப்பவாவது தெரிஞ்சுதா?"

"இல்ல."

"ஏழு பத்துலேர்ந்து ஏழு அம்பதுக்குள்ள," என்றாள் நர்ஸ் கதவோரம் நின்றபடி.

"நாப்பது நிமிஷம்." அக்கா மகள் சித்தியைப் பார்த்தாள். "போயிட்டீங்க. அதானே?"

"ஆமா."

"எங்க ஸ்கூல் நாடகத்துல போனீங்க. என் கல்யாணத்துல போனீங்க. போட்டோல எல்லாம் நிக்கறீங்க, ஒண்ணும் தெரியாது உங்களுக்கு. சிரிச்சோம். அம்மா சிரிக்க வெச்சாங்க எங்கள. இதுக்குமா? இன்னிக்குமா சித்தி?"

அவள் வாயைத் திறக்கவில்லை.

"நான் ஆள் வெக்கறேன்னு சொன்னேன். அம்மாதான், என் தங்கச்சி இருக்கா, என் தங்கச்சி இருக்கான்னாங்க. இருந்தீங்களா? சொல்லுங்க. இருந்தீங்களா?"

"கொஞ்சம் தண்ணி குடிம்மா," என்றாள் நர்ஸ்.

"எனக்கு ஒண்ணும் வேணாம்." அப்போதுதான் சித்தியின் மடியில் இருந்த குறிப்பேட்டைக் கண்டாள். "இது என்ன? அம்மா பக்கத்துல உக்காந்து கோர்ட் வேலை பாத்தீங்களா?"

"கோர்ட் வேலை இல்ல. அம்மா பேசினது."

அக்கா மகளின் முகம் மாறியது.

"அம்மா பேசினாங்களா?"

"கை எழுதியிருக்கு."

"படிங்க."

நர்ஸ் கதவிலிருந்து இரண்டடி உள்ளே வந்தாள். கையில் தாள் இருந்தது. இரண்டு கட்டமும் காலி.

அவள் நீதிமன்றத்தில் படிக்கும் குரலில் படித்தாள். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

"கசக்குது. மணி என்னடி ஆச்சு. வலி நிக்கல, இன்னும் கொஞ்சம் குடு. கேக்குதா, இன்னும் கொஞ்சம். இருக்கியா, போயிட்டியா. இருக்கியா. போயிட்டா."

அக்கா மகள் கையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"நானே," என்று படித்தாள் அவள்.

மாடியில் மறுபடி துளை போட ஆரம்பித்தார்கள். மூன்று பேரும் காத்திருந்தார்கள். சத்தம் நின்றது.

"நானே?" என்றாள் அக்கா மகள்.

"நானே படுத்துக்கறேன்."

"படுத்துக்கறேன்னா?"

"படுத்துக்கறேன்."

"அப்புறம்?"

அடுத்த வரியில் அவள் கண் ஒருமுறை போய்த் திரும்பியது.

"அவ்வளவுதான்."

நர்ஸ் தொண்டையைச் செருமினாள். "அப்ப இன்னொரு அஞ்சு மில்லி?"

"நான்தான் குடுத்தேன்."

"காலைல தெரியலன்னீங்க."

"இப்ப தெரியுது. வலிக்குதுன்னா. நேரம் பாக்காம குடுத்துட்டேன்."

"ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

நர்ஸ் அறைக்குள் எட்டி மேசையைப் பார்த்தாள். போய்ப் பாட்டிலை எடுத்தாள். மூடியை இறுகத் திருகி, பிறகு அதைத் திறந்து பார்த்தாள். அவளுக்கே விரலை அழுத்த வேண்டியிருந்தது. திரும்பவும் மூடினாள். தாளைச் சுவரில் வைத்து 'ஆமா' என்கிற கட்டத்தில் குறியிட்டாள். அதற்குக் கீழே எழுத பேனாவைக் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"நிச்சயமாம்மா?"

"எழுதுங்க சிஸ்டர்."

எழுதினாள்.

அக்கா மகள் சித்தியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் பையைக் கழற்றித் தரையில் வைத்தாள். நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து மண்டியிட்டு, குறிப்பேட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அவளுக்கு அது வெறும் கோடும் கொக்கியும். அம்மா பேச்சு எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டாள். சித்தி காட்டினாள். அக்கா மகளின் விரல் வரி வரியாக இறங்கியது. சித்தி படிக்காத வரியின் மேலும் அது நிற்காமல் கடந்தது. அதற்குக் கீழே போனதும் நின்றது.

"இதெல்லாம் என்ன? ஒரே மாதிரி இருக்கு."

சின்னச் சின்னப் படுக்கைக் கோடுகள். பக்கத்தின் அடிப்பகுதி முழுக்க இருந்தன. இந்த நேரம் வரை அவள் அவற்றைப் பார்க்கவில்லை.

"சாட்சி பேசாம வெறும் சத்தம் வந்தா நாங்க அப்படிப் போடுவோம். இருமல், அழுகை. வார்த்தை இல்லாதது."

"அம்மா அழுதாங்களா?"

"இல்ல." அவள் கோடுகளைப் பார்த்தாள். முதல் வரியில் அவை நெருக்கமாக இருந்தன. "மூச்சு."

வாசலில் கார் வந்து நின்றது. டாக்டர் என்றாள் நர்ஸ். தாளை மடித்துக்கொண்டு கதவைத் திறக்கப் போனாள்.

அக்கா மகள் எழவில்லை. ஒரு கோட்டில் விரலை வைத்தாள். பிறகு அடுத்த கோட்டில். முதல் வரியில் பதினைந்து இருபது இருந்தன. அடுத்த வரியில் இடைவெளி விட்டு ஏழு. அதற்கடுத்த வரியில் நான்கு. கோடுகள் எல்லாம் ஒரே நீளத்தில், ஒரே அழுத்தத்தில் இருந்தன; ஒன்றுகூட நடுங்கவில்லை. விரல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக நேரமெடுத்துக்கொண்டது. கடைசி வரியின் நடுவில் ஒரே ஒரு கோடு இருந்தது. விரல் அதன் மேல் நின்றது. மீதிப் பாதியில் தாளின் நீலக் கோடுகள் மட்டும் ஓரம்வரை போயின.